புதிய ஹைட்ராஞ்சியா ரகம் உண்டாக்கும் முறை: பிறப்பின் குணமும் மண்ணின் குணமும்

மலைப்பிரதேசத் தோட்டங்களில் அழகிற்காக வளர்க்கப்படும் செடிகளுள் ஹைட்ராஞ்சியா சிறந்த ஒன்று. நீலகிரியிலும் பழனி மலையிலும் வீட்டு வேலியோரங்களிலும் பூங்காக்களிலும் பெரிய கொத்துக்களாகப் பூத்து நிற்பதைப் பலரும் கண்டிருக்கலாம். இதன் பூர்வீகம் ஜப்பான் தேசம். அங்கே இதனை அஜிசாய் என்பர். ஸ்வீடன் தேசத்துத் தாவர அறிஞர் துன்பெர்க் 1784-ஆம் வருஷத்தில் இச்செடியைத் தம் நூலில் விவரித்தார். இக்காலத் தாவர நூல்கள் இதனை ஹைட்ராஞ்சியா மாக்ரோஃபில்லா என வழங்குகின்றன. பின்னர் இது ஐரோப்பாவுக்குச் சென்று, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்ஸ் தேசத்து நாற்றுப் பண்ணைக்காரர்களான லெமுவான், முய்யேர் முதலியோர் கையில் பல புதிய ரகங்களாகப் பெருகிற்று. முய்யேர் 1909-இல் வெளியிட்ட "மதாம் எமில் முய்யேர்" என்னும் வெண்ணிறப் பூ ரகம் நூறு வருஷங்களுக்கு மேலாகியும் தோட்டங்களில் நிலைத்திருக்கின்றது.

அவ்வாறு நிலைத்து நிற்கும் ரகம் ஒன்றை உண்டாக்குவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள். மலர்ச் செடி சாகுபடியில் இறங்குவோர் முதலில் தெளிவு பெறவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. தோட்டத்தில் ஒரு செடி மற்றவற்றினும் வேறான பூவைப் பூத்தால், அது புதிய ரகம் என்று உடனே துணிந்துவிடுவது பலருடைய வழக்கம். அதனை அதிக விலைக்கு வாங்கியவர் தம் நிலத்தில் நட்டபின் அப்பூ பழைய பூவாகவே மலரக் கண்டு ஏமாற்றமடைகின்றார். விற்றவர் பெயரும் கெடுகின்றது. இருவரும் நேர்மையானவர்களே. மண் செய்த வேலையைப் பிறப்பின் குணமென்று கருதியதே பிழை. நெல் வயலில் எருக்குழியின் ஓரத்தில் விளைந்த பருத்த கதிரைத் தனி ரகமென்று எடுத்து வைப்பதும் இத்தகைய பிழையேயாம். ஹைட்ராஞ்சியாவில் இப்பிழை நேர்வதற்கு இடம் மிக அதிகம்.

1. பூவின் அமைப்பு

நாம் ஒரு பூவென்று கருதும் ஹைட்ராஞ்சியாக் கொத்தில் இருவகைப் பூக்கள் உள. கண்ணைக் கவரும் அகன்ற பூக்களில் நாம் காணும் இதழ்கள் உண்மையில் புல்லிதழ்களே. இப்பூக்கள் அலங்காரத்திற்கே அன்றி, விதைக்குப் பெரும்பாலும் உதவா. மற்றொரு வகை மிகச் சிறிய பூக்கள். மகரந்தமும் சூலகமும் செவ்வையாக அமைந்து விதை கொடுப்பவை இவையே.

கொத்தின் நடுவில் சிறு பூக்கள் நிறைந்து, ஓரத்தில் மட்டும் அலங்காரப் பூக்கள் வளையமாக அமைந்திருப்பது தட்டைக் கொத்து. கொத்து முழுவதும் அலங்காரப் பூக்களால் மூடியிருப்பது உருண்டைக் கொத்து. உருண்டைக் கொத்திலும் அகன்ற இதழ்களை விலக்கிப் பார்த்தால், அடியில் சில சிறு பூக்கள் மறைந்திருப்பதைக் காணலாம். கலப்புச் செய்ய விரும்புவோர் அவற்றைத் தேடிப் பிடித்தல் வேண்டும்.

2. மண்ணால் நிறம் மாறும் விதம்

ஹைட்ராஞ்சியாப் பூவின் சிவப்பிற்கும் நீலத்திற்கும் காரணமான சாயப்பொருள் ஒன்றே. அச்சாயத்துடன் அலுமினியம் என்னும் உலோகச் சத்தும், இதழிலுள்ள வேறு சில பொருள்களும் சேர்ந்தால் நீலம் உண்டாகும். அலுமினியம் போதாதவிடத்து இளஞ்சிவப்பு நிறம் காணும்.

அலுமினியம் ஏறக்குறைய எல்லா மண்ணிலும் இருக்கின்றது. எனினும் அமிலத்தன்மையுள்ள மண்ணில்தான் அது கரைந்து வேருக்கு எட்டும். மண்ணின் பி.எச். எண் 5.5-க்குக் குறைவாயின் பூ நீலமாகும். 6.5-ஐ ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தால் இளஞ்சிவப்பாகும். இடைப்பட்ட நிலையில் ஊதா நிறமோ, ஒரே செடியில் இருவித நிறமோ தோன்றலாம். நம் மலைப்பிரதேச மண் பெரும்பாலும் அமிலத்தன்மை உடையதாதலின், அங்கே நீலப் பூக்கள் மிகுதியாகக் காண்கின்றன. சுண்ணாம்புக் காரைச் சுவரின் ஓரத்தில் நிற்கும் செடி, அதே தாய்ச்செடியின் கிளையிலிருந்து வந்ததாயினும், சிவந்து பூப்பதுண்டு. மணிச்சத்து உரத்தை மிகுதியாக இட்டாலும், அது அலுமினியத்தைப் பிணித்துவிடுவதால் நீலம் குறையும். அலுமினியம் சல்பேட்டையோ படிகாரத்தையோ நீரிற் கரைத்து ஊற்றினால் சிவப்புப் பூவுடைய செடியை அடுத்த பருவங்களில் நீலமாக்கலாம்.

ஆகையால், "நீல ஹைட்ராஞ்சியா", "சிவப்பு ஹைட்ராஞ்சியா" என்று நிறத்தை மட்டும் கொண்டு பெயரிட்டு விற்கும் செடி தனி ரகம் ஆகமாட்டாது. வெண்ணிறப் பூவுடைய ரகங்களின் நிலை வேறு. அவற்றின் இதழில் மேற்கூறிய சாயம் இல்லாமையால், மண்ணை எவ்வாறு மாற்றினும் அவை நீலமாவதில்லை. வெண்மை அங்கே பிறப்பின் குணம்.

நிறத்தைப் போலவே பூக்கும் அளவும் ஏமாற்றக்கூடியது. பெரும்பாலான ரகங்களில் அடுத்த பருவத்திற்குரிய பூமொட்டு முந்திய பருவத்துக் கிளையின் நுனியிலேயே உண்டாகிவிடும். அக்கிளையை அகாலத்தில் வெட்டினாலும், உறைபனி கருக்கினாலும் அவ்வருஷம் பூ இராது. அருகில் வெட்டாது விடப்பட்ட செடி நிறையப் பூக்கும். அதனை "அதிகம் பூக்கும் ரகம்" என்று கருதுவது தவறு.

3. பிறப்பின் குணத்தைச் சோதிக்கும் முறை

இச்சோதனைக்குப் பெரிய ஆராய்ச்சிச் சாலை வேண்டுவதில்லை. பின்வருமாறு செய்யலாம்.

புதிதெனத் தோன்றும் செடியிலிருந்து 12 போத்துக்களும், தெரிந்த பழைய ரகம் ஒன்றிலிருந்து 12 போத்துக்களும் ஒரே நாளில் எடுத்து வேர்விடச் செய்க. ஒரே அளவுள்ள தொட்டிகளில் நட்டு, இவ்வகையில் ஆறும் அவ்வகையில் ஆறுமாக அமில மண்ணில் வைக்க. எஞ்சிய பன்னிரண்டையும் சுண்ணாம்பு கலந்த மண்ணில் வைக்க. இரு வகைத் தொட்டிகளையும் ஒன்றுவிட்டு ஒன்றாக வரிசையில் நிறுத்தி, நிழல், நீர், எரு ஆகியவற்றைச் சமமாக அளிக்க. இரண்டு பருவமாவது பூக்கவிட்டுக் குறிப்பெழுதுக. இரு மண்ணிலும், இரு பருவத்திலும் வித்தியாசம் மாறாமல் நின்றால் அது பிறப்பின் குணம். மண் மாறியவுடன் வித்தியாசமும் மறைந்தால் அது மண்ணின் குணம்.

சில சமயங்களில் ஒரு செடியின் ஒரே ஒரு கிளை மட்டும் வேறு பூவைப் பூக்கும். மொட்டிலேயே நேரும் மாறுதலால் இவ்வாறு ஆவதுண்டு. நல்ல ரகங்கள் சில இவ்வழியிற் கிடைத்திருக்கின்றன. அக்கிளையின் போத்துக்களையும், அவை வளர்ந்தபின் அவற்றின் போத்துக்களையும் மேற்சொன்னவாறே சோதித்து, மாறுதல் நிலைபெற்றதா எனக் காணல் வேண்டும்.

இதற்கு அமெரிக்காவில் நிகழ்ந்த ஓர் உதாரணம் உண்டு. அந்நாட்டின் வடபகுதியாகிய மின்னசோட்டாவில் குளிர்காலம் மிகக் கடுமையானது. ஹைட்ராஞ்சியாவின் பழைய கிளைகள் உறைபனியால் மடிந்துபோக, வசந்தத்தில் புதுத் தளிர் வந்தாலும் பூ வருவதில்லை. அங்கே பெய்லி நாற்றுப் பண்ணையில் இருந்த சில செடிகள் புதுத் தளிரிலேயே பூப்பதை, ஜார்ஜியா சர்வகலாசாலையின் தோட்டக்கலைப் பேராசிரியர் மைக்கேல் டர் 1998-இல் கண்டார். இது இடத்தின் விசேஷமா, செடியின் குணமா என்பதே கேள்வி. அவர் அவற்றின் போத்துக்களைத் தெற்கேயுள்ள ஜார்ஜியாவிற்குக் கொண்டுபோய் வளர்த்துச் சோதித்தார். வெப்பமான அந்நாட்டிலும் அக்குணம் மாறவில்லை. அதன் பின்னரே 2004-இல் "எண்ட்லெஸ் சம்மர்" என்னும் பெயருடன் அந்த ரகம் விற்பனைக்கு வந்தது. கண்டதற்கும் விற்றதற்கும் இடையே ஆறு வருஷங்கள் சென்றன.

4. கலப்புச் செய்யும் முறை

தானாகக் கிடைக்கும் மாறுதலுக்குக் காத்திராமல், இரு செடிகளின் நற்குணங்களை ஒன்றிற் சேர்ப்பதே கலப்பின் நோக்கம். அதற்குமுன், எக்குணத்தை வேண்டுகின்றோம் என்பதை எழுதி வைத்துக்கொள்ளல் நலம். இலைநோயைத் தாங்குதல், தண்டு சாயாமை, புதுக்கிளையில் பூத்தல், அடுக்குப் பூ முதலியவை வேண்டத்தக்க குணங்கள்.

தாயாகக் கொள்ளும் செடியில் சிறு பூக்கள் மலர்வதற்கு முன்னரே அவற்றின் இதழ்களையும் மகரந்தக் காம்புகளையும் நுண்ணிய இடுக்கியால் நீக்குக. ஒரு பூவில் மகரந்தக் காம்புகள் பெரும்பாலும் எட்டு முதல் பத்து வரை இருக்கும். ஒன்றும் எஞ்சாதபடி பார்த்துக்கொள்க. கொத்திலுள்ள ஏனைய சிறு பூக்களைக் கிள்ளி எறிந்துவிட்டு, மெல்லிய துணிப்பையாலோ காகிதப் பையாலோ மூடுக. சூல்முடி பக்குவமடைந்ததும் தந்தைச் செடியின் மகரந்தத்தைச் சிறு தூரிகையால் தடவி மீண்டும் மூடுக. தாய், தந்தை, தேதி ஆகிய மூன்றையும் எழுதிய சீட்டை அக்கொத்திலேயே கட்டுக. சீட்டில்லாத கலப்பு, பத்திரமில்லாத நிலம் போன்றது.

காய்கள் பழுப்பு நிறமடைந்து உலரத் தொடங்குகையில் பறித்து, காகித உறையில் இடுக. விதை தூசு போல் மிக நுண்ணியது. சலித்த இலைமக்கும் மணலும் கலந்த தட்டுக்களில் மேலாகத் தூவி, மண்ணிட்டு மூடாமல், தட்டை நீரில் வைத்து அடியிலிருந்து ஈரமேற்றுக. இரண்டு மூன்று வாரங்களில் முளை காணும். நாற்றுக்கள் சாதாரணமாக இரண்டாம் அல்லது மூன்றாம் வருஷத்தில் பூக்கும்.

5. முதல் தலைமுறையைக் கழித்துவிடலாகாது

கலப்பில் இறங்குவோர் மனம் தளர்வது இவ்விடத்தில்தான். ஜப்பானில் கிடைத்த "ஜோகசாக்கி", "சுமிதா-நோ-ஹனபி" என்னும் இரு பழைய ரகங்கள் அடுக்குப் பூவுடையவை. அழகிய அடுக்குப் பூ ரகங்கள் பல இவற்றின் வழிவந்தவை. அடுக்குப் பூ ரகத்தை ஒற்றைப் பூ ரகத்துடன் கலந்தால், முதல் தலைமுறைச் செடிகள் யாவும் ஒற்றைப் பூவே பூக்கும். முறை அறியாதவர் கலப்பு வீணாயிற்றென்று அவற்றைப் பிடுங்கி எறிந்துவிடுவர். அடுக்குக் குணம் அழியவில்லை. அது ஒற்றைக் குணத்திற்கு அடங்கி உள்ளே மறைந்திருக்கின்றது. மெண்டல் என்னும் பாதிரியார் பட்டாணிச் செடிகளிற் கண்டு 1866-இல் வெளியிட்ட மரபு விதி இதுவே.

அம்முதல் தலைமுறைச் செடிகளைத் தமக்குள் கலந்தால், அடுத்த தலைமுறையில் நான்கில் ஒன்று அடுக்குப் பூவாக வெளிப்படும். அடுக்குப் பூவுடைய பெற்றோருடன் மீண்டும் கலந்தால், பாதிச் செடிகள் அவ்வாறு வரும். ஹைட்ராஞ்சியாவில் தன் மகரந்தத்தையே ஏற்காத செடிகள் உண்டாதலால், ஒரே செடியைத் தன்னுடன் கலப்பதை விட உடன்பிறந்த இரு செடிகளைக் கலப்பது நலம்.

இதனினும் வியப்பான செய்தி ஒன்றை ஜப்பானிய ஆராய்ச்சியாளர் 2015-இல் வெளியிட்டனர். "ஜோகசாக்கி" வழிவந்த அடுக்குப் பூச் செடியை "சுமிதா-நோ-ஹனபி" வழிவந்த அடுக்குப் பூச் செடியுடன் கலந்தபோது, பிறந்தவை ஒற்றைப் பூவையே பூத்தன. இரண்டும் பார்வைக்கு அடுக்கு. எனினும் ஒவ்வொன்றிலும் அக்குணத்திற்குக் காரணமான மரபுக் கூறு வெவ்வேறு. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பிவிடவே ஒற்றைப் பூ தோன்றிற்று. ஒரே தோற்றமுடைய இரு செடிகள் ஒரே பிறப்புடையன ஆகா என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. பெற்றோரின் வரலாற்றை எழுதி வைப்பது வீண் வேலையன்று என்பதும் இதனால் விளங்கும்.

மறைந்து வரும் குணங்கள் இரண்டை ஒருங்கே பெற விரும்பினால் கணக்கு மாறும். உருண்டைக் கொத்தும் தட்டைக் கொத்திற்கு அடங்கிய குணமே. அடுக்குப் பூவும் உருண்டைக் கொத்தும் ஒன்றோடொன்று பிணையாமல் மரபில் இறங்குமாயின், இரண்டாம் தலைமுறையில் பதினாறில் ஒன்றே இரண்டையும் உடையதாகும். பதினாறு நாற்று வளர்த்தால் ஒன்று தவறாமல் கிடைக்குமென எண்ணலாகாது. அவ்வாறு வளர்ப்பவர்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு ஒன்றும் கிடைக்காது. 48 நாற்றுக்கள் வளர்த்தால் வெறுங்கையாகப் போகும் அபாயம் நூற்றில் ஐந்திற்கும் குறைவு. ஆகையால், எத்தனை கலப்புச் செய்தோம் என்பதினும், ஒரு கலப்பிலிருந்து எத்தனை நாற்று வளர்த்தோம் என்பதே முக்கியம். இடமும் ஆளும் குறைவாக உள்ளவர்கள் பல கலப்புக்களைத் தொடங்காமல், ஒன்றையே தொடர்ந்து செய்வது உத்தமம்.

6. பொறுக்குதலும் பெருக்குதலும்

பூத்த நாற்றுக்களுள் சிறந்தவை எனத் தோன்றும் சிலவற்றைப் பொறுக்கி, ஒவ்வொன்றையும் போத்துமூலம் பெருக்கி, மூன்றாம் பிரிவிற் சொன்ன சோதனைக்கு உட்படுத்துக. பூவின் அழகால் கவரப்பட்டு, வேர்விடுதல், நோய் தாங்குதல், தண்டின் வலிமை ஆகியவற்றை மறந்துவிடலாகாது. பூ அழகாயிருந்தும் போத்து எளிதில் வேர்விடாத செடி, பண்ணைக்காரருக்கு நஷ்டமே தரும்.

ஓர் ஐயம் எழலாம். விதையால் வளர்த்தால் ஒவ்வொரு நாற்றும் வேறு வேறாக வருமென்றால், ரகம் நிலைபெறுவது எங்ஙனம்? இதற்கு விடை நம் கரும்பு விவசாயிகள் நன்கு அறிந்ததே. 1912-இல் கோயமுத்தூரில் ஏற்பட்ட கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் நாட்டுக் காட்டுக் கரும்பையும் உயர்ந்த ரகக் கரும்பையும் கலந்து விதைமூலம் நாற்றுக்கள் வளர்த்தனர். அவற்றுட் பொறுக்கிய ஒன்றே 1918-இல் கோ. 205 என வெளிவந்தது. அதனை விவசாயிகள் விதையால் அன்றிக் கரணையால் பெருக்கினர். ஹைட்ராஞ்சியாவும் அவ்வாறே. புதுமை விதையிற் பிறக்கும். நிலைபேறு போத்திற் கிடைக்கும். ஒரே தாய்ச்செடியின் போத்துக்கள் யாவும் பிறப்பால் அத்தாய்ச்செடியே.

இச்செடியின் இலையும் தளிரும் கால்நடைகளுக்கு நஞ்சாம். வெட்டிய கிளைகளை மாடு ஆடு மேயும் இடத்தில் போடாமல் புதைத்துவிடுக.

7. ரகத்தின் உரிமை

தாவர ரகங்களின் உரிமையைப் பற்றி 1961-இல் பாரிஸ் நகரில் பல தேசத்தார் செய்துகொண்ட உடன்பாடு, புதிய ரகத்திற்குரிய இலக்கணங்களை வகுத்தது. வேறு ரகங்களினின்றும் தெளிவாகப் பிரித்தறியத் தக்கதாய் இருத்தல், செடிக்குச் செடி ஒத்திருத்தல், தலைமுறை தோறும் மாறாதிருத்தல் ஆகிய மூன்றும் அவற்றுள் முக்கியமானவை. இந்தியாவில் 2001-ஆம் வருஷத்துத் தாவர ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டமும் இவற்றைக் கேட்கின்றது. விவசாயி தாம் உண்டாக்கிய ரகத்தைத் தம் பெயரிற் பதிவு செய்துகொள்ளவும் அச்சட்டம் இடம் தருகின்றது. விண்ணப்பத்தில் ரகத்தின் பெற்றோர் விவரமும் கேட்கப்படும். முதல் நாளிலிருந்து குறிப்புப் புத்தகம் வைத்திருப்பவருக்கே இவ்விடத்தில் விடை சொல்ல இயலும். படிகாரத் தண்ணீரால் நீலமான செடி மேற்கூறிய முதற் சோதனையிலேயே தோற்றுவிடும்.

8. நினைவிற் கொள்ளத் தக்கவை

(1) நிறத்தைக் கண்டதும் புதிய ரகமென்று துணியற்க. முதலில் மண்ணைச் சோதிக்க.

(2) பழைய ரகத்துடன் பக்கத்திற் பக்கமாக, இருவகை மண்ணில், இரண்டு பருவம் வளர்த்துப் பார்க்காத செடியைப் பெயரிட்டு விற்கற்க. பிறரிடமிருந்து வாங்கவும் செய்யற்க.

(3) கலப்பின் முதல் தலைமுறையில் விரும்பிய குணம் காணாவிடினும் செடிகளை அழிக்கற்க.

(4) தாய், தந்தை, தேதி, நாற்றின் தொகை ஆகியவற்றைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதுக.

(5) தேர்ந்த செடியைப் போத்துமூலமே பெருக்குக.

கிராம உத்தியோகஸ்தர்கள், புகழ்ந்து விற்கப்படும் புதிய செடிகளைப் பற்றித் தங்களிடம் யோசனை கேட்போருக்கு இரண்டாவது விதியை எடுத்துரைப்பின் பலருடைய பொருள் வீணாகாமற் காக்கலாம். அவ்விதி மலர்ச் செடிக்கு மட்டும் உரியதன்று. நெல், பருத்தி, கடலை ஆகிய எந்த வித்திற்கும் பொருந்தும். நன்செய் மூலையில் தனித்து ஓங்கிய கதிரானாலும், சுவரோரத்தில் சிவந்து பூத்த கொத்தானாலும், சமமான மண்ணில் மற்றவற்றுடன் நின்று காட்டிய பின்னரே அதனை ரகமென்று ஏற்றல் வேண்டும்.